கறுப்பு வெள்ளையில் ஒரு பச்சைச் சட்டை

1986 ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றைக்கு எண்ணியே விட்டேன். எங்கள் மாடி வீட்டுக் கூடத்தில் இருபத்தேழு பேர். மாடிப்படியில் உட்கார்ந்தவர்கள் தனி. டிவி வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் வீடு சத்திரமாகிவிட்டது. பாயில் யாரோ வெற்றிலைச் சாறு சிந்தியிருக்கிறார்கள். கேட்டால் ஒருத்தரும் இல்லையாம்.

வருவது முழுக்க டில்லி நிகழ்ச்சி. அத்தனையும் ஹிந்தி. கோச்சடையில் இந்தத் தெருவில் ஹிந்தி தெரிந்த ஒரே ஜீவன் நான், பதினெட்டு வருஷமாய்ப் பிள்ளைகளை ஹிந்திப் பிரச்சார சபா பரீட்சைக்குத் தயார்செய்து அனுப்புகிறவள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அந்தத் துப்பறியும் தொடர் ஆரம்பித்தால், பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் தமிழில் சொல்லியாக வேண்டும். ‘அவன் சொல்றான், இவள் கேக்கறாள்’ என்று இழுத்தால் அடுத்த வசனம் ஓடிப்போகும். அதனால் எல்லோருக்கும் ‘நான்’தான். போலீஸ்காரன் பேசினாலும் நான், கொலைகாரன் பேசினாலும் நான். இன்று “நான் உன்னை உயிரோட விடமாட்டேன்” என்று சொன்னபோது, எதிரே இட்லிக்கடை வைத்திருக்கும் சீனியம்மாள், “ஆத்தீ, டீச்சரம்மாவுக்கு வந்த கோவத்தைப் பாருங்கடி” என்றாள். ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

கதவோரம் பால்காரி பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் வாராவாரம் வருகிறாள். அவள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி கூடுதலாகக் கசந்துவிட்டது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். பிப்ரவரியிலிருந்து இவர் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை.

ஏப்ரல் 16, புதன்

காலையில் பாண்டியம்மாள் பால் ஊற்றினாள். ஊற்றிவிட்டு உடனே போகமாட்டாள். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பாள். “அன்னைக்கு நீங்க வீட்டுலதான இருந்தீக டீச்சரம்மா?” என்று எத்தனையாவது தடவையோ கேட்டாள். “பின்கட்டுல இருந்தோம்மா” என்று எத்தனையாவது தடவையோ சொன்னேன்.

எழுதிவிடுகிறேன். இரண்டு மாதமாய் இந்த நோட்டில் அந்த ஒரு நாளை மட்டும் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன். யாருக்குப் பயந்து? இது என் நோட்டு.

பிப்ரவரி 12. மதியம் மூன்று மணி. இவருக்குக் காய்ச்சல், ஆபீசுக்கு லீவு. மகள் சாவித்ரி பள்ளிக்கூடத்தில். நான் சன்னலோரம் பிள்ளைகளின் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். பாண்டியம்மாளின் வீட்டுக்காரர் நல்லகாமன், மணல் லாரி ஓட்டுகிறவர், எதிர்க் கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். வைகையில் மணல் எடுக்கும் ஒவ்வொரு லாரிக்கும் முத்திருளன் ஆட்கள் மாமூல் வாங்குகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். இந்த மனுஷர் கொடுக்கமாட்டேன் என்றதோடு நிற்காமல், நாலு டிரைவர்களைச் சேர்த்துக்கொண்டு கலெக்டருக்கு மனுவும் கொடுத்துவிட்டார்.

மூன்று பேர் பின்னாலிருந்து வந்தார்கள். ஒருவன் கிளிப்பச்சைச் சட்டை. அரிவாள் அவன் இடது கையில் இருந்தது. நல்லகாமன் திரும்புவதற்குள் தோளில் ஒன்று. தடுக்கத் தூக்கிய வலது கையில் ஒன்று. குப்புற விழுந்தார். பச்சைச் சட்டைக்காரன் நிமிர்ந்து தெருவை ஒரு சுற்றுப் பார்த்தான். முகம் முழுசாகத் தெரிந்தது. “யாராச்சும் வாங்கய்யா” என்று கீழேயிருந்து சத்தம்.

இவர் சன்னலைச் சாத்தினார்.

பிறகு போலீஸ் வந்தது. நாங்கள் பின்கட்டில் இருந்தோம். சீனியம்மாள் குழாயடிக்குப் போயிருந்தாள். சைக்கிள் கடைத் தவசி டவுனுக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டு வாலாம்பாள் மாமி தூங்கிப்போனாள். தெரு முழுக்க அன்று மூன்று மணிக்கு எங்கேயோ போயிருந்தது. நல்லகாமன் பிழைத்துக்கொண்டார். ஆனால் வெட்டியவன் முகத்தை அவர் பார்க்கவில்லை. சாட்சி இல்லை, ஆகையால் கைதும் இல்லை.

எழுதினால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்றைய கதையை நான் முன்கூட்டியே பார்த்திருந்தால் பெட்டியையே போட்டிருக்கமாட்டேன். பம்பாய்த் துறைமுகம். மூட்டை தூக்குகிறவர்களிடம் கூலியில் பங்கு பிடுங்கும் ஒரு கூட்டம். எதிர்த்து நின்ற தலைவனை நடுத்தெருவில் கத்தியால் குத்துகிறார்கள். அவன் சாகவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அவள் முகத்தோடு இந்த வாரம் முடிந்தது.

“இவ பாத்துட்டாடி! இவதான் சொல்லப்போறா!” என்று கூடமே குதித்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய் நின்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

அழகர் ஆற்றில் இறங்கினார். நான் போகவில்லை. சாவித்ரி சிநேகிதிகளோடு போனாள், அவள் திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். கூட்டத்தில் எத்தனை பச்சைச் சட்டை இருக்கும்!

தெரு பார்த்த சன்னல் அன்று சாத்தியதுதான். இந்த வெயிலிலும் திறக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

நிதானமாக எழுது, அனந்தலக்ஷ்மி. நடந்தது நடந்தபடி.

கோர்ட்டுக் காட்சி. அந்த மாடிப் பெண்ணைக் கூண்டில் ஏற்றினார்கள். என்ன பார்த்தாய் என்று வக்கீல் கேட்க, அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நம் தெரு விடுமா? “சொல்லுடி! வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று சீனியம்மாள். “கண்ணால பாத்துட்டு மரமாட்டம் நிக்கறாளே, இவளும் ஒரு பொம்மனாட்டியா?” என்று வாலாம்பாள் மாமி. தவசிகூட, “பயந்தாங்கொள்ளிக் கழுதை” என்றான். பிப்ரவரி 12 அன்று எங்கெங்கோ போயிருந்த அத்தனை பேரும்! பாண்டியம்மாள் திரையைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அப்புறம் அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். மடமடவென்று, அழுகையும் பேச்சும் சேர்ந்து. முதல் இரண்டு வாக்கியம் பிடிபட்டது. மூன்றாவது போயே போய்விட்டது. ஆனால் என் வாய் நிற்கவில்லை.

“நான் பார்த்தேன். மூணு பேர். பின்னாலேர்ந்து வந்தாங்க. பச்சைச் சட்டை. கிளிப்பச்சை. இடது கையாலதான் வெட்டினான். அவர் கையைத் தூக்கித் தடுத்தார், விரல் ரெண்டும்...”

“அம்மா!” என்று சாவித்ரி சிரித்தாள். “கறுப்பு வெள்ளை டிவியில உனக்கு மட்டும் பச்சை எங்கேம்மா தெரிஞ்சுது?”

ஒருத்தரும் சிரிக்கவில்லை. திரையில் குத்துப்பட்டவனுக்கு விரல் போகவில்லை. அரிவாளும் இல்லை. பாண்டியம்மாளின் வீட்டுக்காரருக்குத்தான் வலது கையில் இரண்டு விரல் இல்லை. திரையில் அந்தப் பெண் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், அதைத் தமிழில் சொல்ல ஆள் இல்லை. தவசி முதலில் எழுந்தான். அப்புறம் ஒவ்வொருவராக, பாயைக்கூடச் சுருட்டாமல் போனார்கள். பாண்டியம்மாள் கடைசியில் எழுந்தாள். என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

இவர் உள்ளேயிருந்து வந்தார். “வாயை வச்சுண்டு சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?” என்றார். இரண்டு மாதத்தில் இவர் பேசிய நீளமான வாக்கியம் இதுதான்.

ஏப்ரல் 28, திங்கள்

பாலோடு வந்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டாள். “பாத்தீகள்ல?”

“இல்லைம்மா. கதை சுவாரஸ்யமா இருக்கட்டுமேன்னு நானா சேத்துச் சொன்னேன்.”

“எங்க வீட்டாளுக்கு விரல் போனது ஊருக்கே தெரியும். வெட்டுனவன் எடது கைக்காரன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? அது எங்களுக்கே தெரியாதே டீச்சரம்மா.”

கதவைச் சாத்தினேன். மறுபடியும் ஒரு கதவு. சீ, என்ன பிழைப்பு இது!

மே 1, வியாழன்

இனிமேல் பால் வேறு ஆள் கொண்டுவருவார் என்று பாண்டியம்மாள் சொல்லியனுப்பினாள்.

கடைத்தெருவுக்குப் போகும்போது தவசி சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னான்: “டீச்சர், டிவி கதை நல்லாத்தேன் சொல்றீக. அம்புட்டு வெளக்கமா வேணாம். கேக்குறவுக எல்லாம் நம்மாளுகன்னு நெனைக்காதீக.” மிரட்டினானா, எச்சரித்தானா? அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

மே 4, ஞாயிறு

காலையில் மொட்டை மாடியில் ஆன்டெனா சாய்ந்து கிடந்தது. கம்பியை வெட்டி, வட்டமாக, அழகாகச் சுற்றி, நம் வாசல்படியில் வைத்திருந்தார்கள். சாவித்ரியின் செருப்பின்மேல்.

மொட்டை மாடிக்குப் போகப் படி ஒன்றுதான். எங்கள் படுக்கையறையைத் தாண்டித்தான் ஏற வேண்டும். சத்தமே கேட்கவில்லையே!

பதினோரு மணிக்கு ஒருவரும் வரவில்லை. ஆன்டெனா போனது தெருவுக்கு எப்படித் தெரிந்தது? அதையும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மே 6, செவ்வாய்

சாவித்ரிக்கு லீவு. தெருவில் காலை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். “நான் என்னம்மா தப்புப் பண்ணினேன்?” என்று அழுகிறாள். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள், பாவம். சரியான கேள்வி.

ஹிந்தி வகுப்புக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். இப்போது ஐந்து.

மே 9, வெள்ளி

தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் கொண்டி விழுகிற சத்தம். சன்னல் கொண்டி. டக்கென்று.

மே 13, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதாவிட்டால் நான் மனுஷியே இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்குப் படியில் காலடி. ஒரு படி, நின்று, ஒரு படி. நான் அருவாமணையைக் கையில் எடுத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். சிரிப்பாக இருக்கிறது இப்போது. வந்தது நல்லகாமன். வலது கையைத் துண்டால் மூடியிருந்தார். மூச்சு வாங்கியது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். இவரும் ஆபீசிலிருந்து வந்திருந்தார், என் பின்னால் நின்றார்.

“சாச்சி சொல்லச் சொல்லி வரலைங்க டீச்சர்,” என்றார். “ஒங்களுக்கும் பொம்பளப் பிள்ள இருக்கு. பாண்டியம்மா கேட்டதுக்கு மனசுல வச்சுக்கிராதீக. எனக்கு ஒண்ணே ஒண்ணுதேன் தெரியணும். வெட்டுனது கனவுல வரமாட்டேங்குது. நான் கூப்பிட்டேன் பாருங்க, கூப்பிட்ட ஒடனே மேல ஒரு சன்னலு டக்குனு சாத்துச்சு. அந்தச் சத்தம்தேன் வருது. தெனமும் வருது. சாத்துனது யாருன்னு தெரிஞ்சா வராமப் போயிரும்னு ஒரு நெனப்பு. சாரா? நீங்களா?”

இவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நான்தாம்ப்பா,” என்றார். “காய்ச்சல்ல பயந்துட்டேன். மன்னிச்சுடு.”

இவர் கட்டிலில் கம்பளிக்குள் கிடந்தார் அன்று. சன்னல் பக்கமே வரவில்லை. ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. என்ன சத்தம் என்று உள்ளேயிருந்து கேட்டார், நான் ஒன்றுமில்லை என்றேன்.

“இல்லை,” என்றேன். “நான்தான் சாத்தினேன். உங்களைப் பார்த்துண்டே சாத்தினேன்.”

நல்லகாமன் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தலையை ஆட்டினார், ஏதோ விலாசம் தெரிந்துகொண்டவர் மாதிரி. “அப்ப சரி. வாரேன்” என்று இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒவ்வொரு படியாக இறங்குகிற சத்தம் முடியும்வரை நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

ஏப்ரல் 16-ஐத் திருப்பிப் பார்த்தேன். ‘இவர் சன்னலைச் சாத்தினார்’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. என் நோட்டிலேயே, எனக்கே, பொய். யாரும் படிக்காத நோட்டில்! அந்த வரியை அடிக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

மே 14, புதன்

காலையில் சன்னலைத் திறந்தேன். குளித்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். சண்டை வரும் என்று நினைத்தேன். “சாவித்ரியை மொதல்ல திருநெல்வேலியில உன் அண்ணா ஆத்துல விட்டுட்டு வரேன்னா, கேக்கமாட்டியே?” என்றார். கேட்கமாட்டேன் என்றேன். சாவித்ரியை வாலாம்பாள் மாமியிடம் உட்கார்த்திவைத்துவிட்டு, ஒரு குடையை எடுத்துக்கொண்டு கூட வந்தார். மழையா, வெயிலா, எதற்குக் குடை என்று இருவருக்கும் தெரியவில்லை. ஸ்டேஷனுக்குள் வரவில்லை. எதிர் டீக்கடையில் நின்றார்.

இன்ஸ்பெக்டர் புதியவர். “மூணு மாசமா என்னம்மா பண்ணுனீங்க?” என்றார். “பயந்துண்டிருந்தேன்” என்றேன். எழுதிக்கொண்டார். சன்னலைச் சாத்தினதையும் சொன்னேன். “அது கேஸுக்கு வேண்டியதில்லம்மா. அவுங்க வக்கீல் அதப் பிடிச்சுக்குவாரு” என்றார். எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினார்.

கையெழுத்து வாங்கிவிட்டு அவரே சொன்னார்: “ஒத்தச் சாட்சி. அதுவும் மூணு மாசம் கழிச்சு. தெருவுல இன்னொரு ஆள் வாயத் தொறந்தா நிக்கும். இல்லன்னா சிரமம். பழகிக்கங்க.” எதைப் பழகிக்கொள்ள?

மே 24, சனி

சாவித்ரி இல்லாத வீடு. பச்சைச் சட்டைக்காரனைப் பிடித்துவிட்டார்களாம். பெயர் காளை. ஒரு பெயர் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஜூன் 6, வெள்ளி

அடையாள அணிவகுப்பு. ஜெயிலுக்குள் ஒரு வேப்பமரத்தடியில் ஒன்பது பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மாஜிஸ்திரேட் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். “நல்லாப் பார்த்து, தெரிஞ்சா கையால தொட்டுக் காட்டணும்மா. வாயால சொன்னாப் போதாது” என்றார்.

மொட்டையடித்திருந்தான். மீசையும் இல்லை. வெள்ளைச் சட்டை. இருந்தாலும் தெரிந்தது. நான் ஒரு முறை நடந்தேன், தாண்டிப் போனேன். போய்க்கொண்டே இருந்திருக்கலாம். கடைசி ஆள்வரை போய், ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு, திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிப் பிள்ளையைக் கூட்டிவந்திருக்கலாம். கால் அதைத்தான் செய்யப் பார்த்தது. திரும்பினேன். தோளைத் தொட்டேன். வியர்வையில் சட்டை ஈரமாக இருந்தது. அவனுக்கும் பயம்தான் போலிருக்கிறது.

அவன் உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்: “என்ன டீச்சர், ஆன்டெனா இன்னும் மாட்டலியா?”

வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். இவர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

ஜூன் 10, செவ்வாய்

தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. கோபம் இல்லை. பார்க்கிறார்கள், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். வாலாம்பாள் மாமி மட்டும், “கேஸ் நிக்காதாமேடி? அப்புறம் அவா வெளியில வந்துடுவாளோன்னோ?” என்றாள். ஆமாம் மாமி, வந்துடுவா.

ஜூன் 14, சனி

வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. கரும்பலகையைத் துடைத்துச் சுவரோரம் திருப்பிவைத்தேன். இவர் ஆபீசில் மாற்றல் கேட்கலாமா என்றார். கேளுங்கள் என்றேன். நான் பொய் சொல்லவில்லை, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. முன்னைவிட அதிகமாகவே.

ஜூன் 22, ஞாயிறு

பத்தரை மணி இருக்கும். படியில் காலடி. இவர் மாற்றல் மனுவுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தார், பேனாவை மூடிவிட்டு எழுந்தார். இரண்டு பேரும் கதவைப் பார்த்து நின்றோம். தட்டுகிற சத்தம் கேட்டது, மெதுவாக.

சீனியம்மாள். சேலை முந்தானையில் மாவு ஒட்டியிருந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வியாபார நேரத்தில். உள்ளே வா என்றேன். வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“டீச்சரம்மா, டேசன்ல யாரைப் போயிப் பாக்கணும்?”

இன்ஸ்பெக்டர் பெயரைச் சொன்னேன். அவள் அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“மூணு பேரு மூஞ்சியும் எனக்குத் தெரியும். தெனமும் எங்கிட்ட இட்லி திண்ட பயலுகதேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதே. கைநாட்டு வச்சா ஒத்துக்கிருவாகளா?”

ஒத்துக்கொள்வார்கள் என்றேன். செருப்பைத் தேடினேன். இவர் எனக்கு முன்னால் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.